450 வாட் என்று எழுதியிருக்கிறதே!

அம்பாசமுத்திரத்தில் எனக்குப் பழக்கமான ஒரு வீடு உண்டு. அப்பா கொத்தனார், அம்மா பீடி சுற்றுகிறார், மகள் பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கிறாள். ஓர் அலுவலகத்தில் கழித்துப் போட்ட மேசைக் கணினி ஒன்று மலிவாக வந்ததென்று, சீட்டுப் பணத்தை எடுத்து அதை வாங்கினார்கள். கணினி வீட்டுக்கு வந்த நான்காம் நாள், தூசி தட்டுவதற்காகப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார் அப்பா. உள்ளே ஒரு மூலையில் சிறிய உலோகப் பெட்டி. அதன்மேல் ஒட்டியிருந்த தாளில் கொட்டை எழுத்தில் '450 வாட்' என்று இருந்தது. அன்று மாலையே கணினியின்மேல் பழைய வேட்டி ஒன்று போர்த்தப்பட்டுவிட்டது.

நான் போயிருந்தபோது அவர் என்னிடம் முறையிட்டார்: "நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, 450 வாட்டுன்னு போட்டிருக்குல்லா? நாள் பூரா இஸ்திரிப் பெட்டியைப் போட்டு வச்ச மாதிரில்லா இருக்கு!"

கொத்தனார் அல்லவா, கணக்கில் கெட்டிக்காரர். ஒரு தாளில் எழுதியே வைத்திருந்தார். 450 வாட், நாளுக்கு 6 மணி நேரம், மின்கணக்கு எடுக்கும் இரண்டு மாதத்திற்கு 60 நாள். பெருக்கினால் 1,62,000 வாட்-மணி. அதாவது 162 யூனிட். தமிழ்நாட்டில் 2016 மே மாதத்திலிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் ஒரு மின்விசிறி, நாலைந்து எல்.இ.டி. பல்பு, ஒரு தொலைக்காட்சி. செலவு 70 யூனிட் அளவில் நிற்கும். கட்டணமே கிடையாது. 70-உம் 162-உம் சேர்ந்தால் 232! அவர் வேட்டியைப் போர்த்தியதில் நியாயம் இருக்கிறது.

பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் பெருக்குவதற்கு எடுத்துக்கொண்ட முதல் எண் சரிதானா? அதைத்தான் நாம் இப்போது பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வாட் என்பது அளவு அன்று, வேகம். ஒரு வினாடியில் ஒரு ஜூல் ஆற்றல் செலவானால் அது ஒரு வாட். யூனிட் என்பதோ மொத்த அளவு. 1,000 வாட் வேகத்தில் ஒரு மணி நேரம் செலவானால் ஒரு யூனிட். மணிக்கு 3,600 வினாடி. ஆகவே ஒரு யூனிட் என்பது 36 இலட்சம் ஜூல். மின் வாரியம் நம்மிடம் விலை கேட்பது யூனிட்டுக்கு. ஆனால் பொருள்களின்மேல் ஒட்டியிருப்பது வாட். இடையில் 'எத்தனை மணி நேரம்' என்ற கேள்வி இருக்கிறது. அது பலருக்கும் நினைவிருக்கிறது. 'உண்மையில் எத்தனை வாட்' என்ற இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதுதான் மறந்துவிடுகிறது.

அம்பாசமுத்திரத்துப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டாம். தாமிரபரணியிலிருந்து கன்னடியன் கால்வாய் பிரிகிறது. நதியுண்ணிக் கால்வாயும் பிரிகிறது. கால்வாய் கரை உடையாமல் எவ்வளவு நீரைத் தாங்கும் என்பது ஒரு கணக்கு. இன்றைக்கு மடை வழியாக வயலுக்குள் எவ்வளவு நீர் பாய்கிறது என்பது வேறு கணக்கு. முழுக் கால்வாயின் கொள்ளளவைச் சொல்லி, 'என் வயல் இவ்வளவையும் குடித்துவிட்டது' என்று யாராவது சொன்னால் சிரிப்போம். கணினிக்குள் இருக்கும் அந்த உலோகப் பெட்டியின்மேல் எழுதியிருக்கும் 450 வாட், கால்வாயின் கொள்ளளவுதான். 'என்னிடம் அதிகப்படியாக இவ்வளவு கேட்கலாம். அதற்கு மேல் கேட்டால் தாங்கமாட்டேன்' என்று அந்தப் பெட்டி சொல்கிறது. எவ்வளவு பாய்கிறது என்பதை முடிவு செய்வது, கேட்கிற வயல். அதாவது கணினியின் செயலி, நினைவகம், வட்டு, விசிறி முதலியவை.

பெட்டிக்குள் நடப்பது

அந்தப் பெட்டிக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். கணினி பழுது பார்ப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவார்கள். அதன் வேலை, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தைக் கணினிச் சுற்றுகளுக்குத் தேவையான 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருவது.

இந்த வேலையைச் செய்ய அந்த நாளில் ரேடியோவுக்கு 'எலிமினேட்டர்' என்று ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். கையில் எடுத்தால் கனக்கும். உள்ளே இரும்புத் தகடுகளை அடுக்கி, செப்புக் கம்பி சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்றுதான் மாறுகிறது. இவ்வளவு மெதுவாக மாறும் மின்சாரத்தைக் கொண்டு வேலை வாங்க இரும்பு நிறைய வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். ஒரு தந்திரம் செய்கிறது. வருகிற மாறுமின்னோட்டத்தை நேரே திருத்தி, ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்னோட்டமாக ஆக்கிக்கொள்கிறது. 230 வோல்ட் என்பது ஒருவகைச் சராசரி. அலையின் உச்சி அதைப்போல் 1.414 மடங்கு என்பதால் 325 வந்தது. பிறகு ஒரு டிரான்சிஸ்டர் அதை வினாடிக்குப் பல பத்தாயிரம் முறை 'போடு, அணை. போடு, அணை' என்று வெட்டுகிறது. இவ்வளவு விரைவாக மாறும் மின்சாரத்துக்குத் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர் போதும். அதிலிருந்து வரும் குறைந்த மின்னழுத்தத்தை மறுபடி திருத்தி வடிகட்டி வெளியே அனுப்புகிறது.

முக்கியமானது இதற்கு அடுத்தது. வெளியே போகும் மின்னழுத்தத்தை அந்தப் பெட்டி ஓயாமல் கவனித்துக்கொண்டே இருக்கிறது. கணினி அதிகம் கேட்டால் டிரான்சிஸ்டர் ஒவ்வொரு முறையும் சற்று அதிக நேரம் திறந்திருக்கிறது. குறைவாகக் கேட்டால் குறைந்த நேரம். மடைப் பலகையை ஏற்றி இறக்கும் நீர்க்கட்டியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே, கேட்டது மட்டுமே போகிறது. பெட்டி 450 வாட் ஆனாலும் 1,000 வாட் ஆனாலும், கணினி 32 வாட் கேட்டால் 32 வாட்தான் தரும்.

அப்படியானால் சுவரிலிருந்து எடுப்பதும் 32 தானா? இல்லை. வெட்டுவதிலும் திருத்துவதிலும் கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும். பெட்டியின் பின்புறம் கையை வைத்தால் இளஞ்சூடாகக் காற்று வருகிறதே, அதில் இந்த இழப்பும் சேர்ந்திருக்கிறது. பெட்டியின் திறன் 70 விழுக்காடு என்றால், 32 வாட் தருவதற்கு ஏறத்தாழ 45 வாட் எடுக்கும். இதில் கொத்தனார் அண்ணாச்சிக்கு எதிரான ஒரு செய்தியும் உண்டு. தாளில் எழுதியிருக்கும் 450 வெளியே தரக்கூடிய அளவு. முழுச் சுமையில் 80 விழுக்காடு திறனுடன் வேலை செய்தால் அந்தப் பெட்டி சுவரிலிருந்து 562 வாட் இழுக்கும்! நல்ல வேளை, சாதாரணக் கணினி அந்த நிலைக்குப் போவதே இல்லை.

நல்ல பெட்டிகளை அடையாளம் காட்ட, '80 பிளஸ்' என்ற சான்று முறை 2004-இல் அமெரிக்காவில் தொடங்கியது. முழுச் சுமையில் 20, 50, 100 விழுக்காடு ஆகிய மூன்று நிலைகளிலும் திறன் 80-க்குக் குறையக்கூடாது என்பது அதன் முதற்படி. 450 வாட் பெட்டிக்கு 20 விழுக்காடு என்றால் 90 வாட். நம் கணினி கேட்பதோ 32. அதாவது 7 விழுக்காடு. இவ்வளவு சிறிய சுமையில் பெரிய பெட்டியின் திறன் சற்று இறங்கிவிடும். எனவே 'பெரிய பெட்டியாகப் போட்டுவிடுங்கள், பின்னால் உதவும்' என்று கடையில் சொல்லும் அறிவுரையை நான் அவ்வளவாக மதிப்பதில்லை.

ஒரு பழைய செய்தி: 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் 'பெர்சனல் கம்ப்யூட்டர்' உள்ளே இருந்த மின்வழங்கிப் பெட்டி 63.5 வாட்தான். பின்னால் செயலிகள் வேகம் கூடக்கூட, படம் வரையும் அட்டைகள் தனியே வரவர, இந்த எண் ஏறிக்கொண்டே போயிற்று. விளையாட்டுக்காக அமைத்த கணினியில் அந்த அட்டை ஒன்றே 200, 300 வாட் கேட்கும். அத்தகைய கணினிக்கு 450 வாட் பற்றாது. ஆக, அந்தத் தாளைப் பார்த்துப் பயப்படுவதற்கும் வேலை இருக்கிறது. எல்லாக் கணினிக்கும் அல்ல.

மீட்டரையே கேட்போம்

வாயால் சொன்னால் அண்ணாச்சி நம்புவாரா? "மடை, கால்வாய் எல்லாம் சரி. கரண்டு ஆபீஸ்காரன் மடையைப் பாத்தா எழுதுதான்? மீட்டரைப் பாத்துல்லா எழுதுதான்!" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. மீட்டரையே கேட்டோம்.

உங்கள் வீட்டு மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் அருகில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அந்த வீட்டில் 3200 என்றிருந்தது. ஒரு யூனிட்டுக்கு 3,200 சிமிட்டல் என்று பொருள். ஒரு யூனிட் 36 இலட்சம் ஜூல் என்றோம். 3,200-ஆல் வகுத்தால் ஒரு சிமிட்டலுக்கு 1,125 ஜூல். இரண்டு சிமிட்டலுக்கு இடையிலுள்ள வினாடிகளால் 1,125-ஐ வகுத்தால், அப்போது செலவாகும் வாட் கிடைத்துவிடும். எந்தத் தனிக் கருவியும் வேண்டாம்; ஒரு கடிகாரம் போதும்.

செய்முறை இதுதான். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். குளிர்பெட்டி, டி.வி.யின் செட்டாப் பெட்டி, செல்போன் சார்ஜர், ஒன்றையும் விடாதீர்கள். சில நிமிடம் பாருங்கள்; விளக்கு சிமிட்டக்கூடாது. பிறகு அளக்க வேண்டிய பொருளை மட்டும் போடுங்கள். முதல் சிமிட்டலைச் 'சுழி' என்று எண்ணித் தொடங்கி, 'பத்து' வரும்வரை எத்தனை வினாடி என்று பாருங்கள். முதல் சிமிட்டலை 'ஒன்று' என்று எண்ணுவதுதான் பலரும் செய்யும் தவறு. ஒன்பது இடைவெளியைப் பத்து என்று கொண்டுவிடுவோம். மீட்டரைக் கண்ணால் மட்டும் பாருங்கள். அதன் முத்திரையைத் தொடக்கூடாது. அதுபோலவே எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவும் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் இருக்கும் மின்தேக்கிகளில் ஆளை வீழ்த்தும் அளவுக்கு மின்னேற்றம் தங்கியிருக்கும்.

முதலில் பரணில் கிடந்த 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டினோம். பத்துச் சிமிட்டலுக்கு 188 வினாடி. 11,250-ஐ 188-ஆல் வகுத்தால் 60 வாட். அண்ணாச்சிக்கு மீட்டர்மேலும், என்மேலும் நம்பிக்கை பிறந்தது.

பல்பை அணைத்துவிட்டுக் கணினியைப் போட்டோம். தொடங்கும்போது சற்று வேகமாகச் சிமிட்டிற்று. எல்லாம் அடங்கி, மகள் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது எண்ணினோம். பத்துச் சிமிட்டலுக்கு 180 வினாடி. 62 வாட்டுக்குச் சற்று மேல். திரையையும் சேர்த்துத்தான்! ஒரு குண்டு பல்பு அளவுதான் அந்தக் கணினி. அண்ணாச்சி கடிகாரத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டு மறுபடி எண்ணினார். 181 வந்தது.

பிறகு ஆளுக்கொரு சோதனை. திரையை மட்டும் அணைத்தால் 250 வினாடி. அதாவது பெட்டி மட்டும் 45 வாட். எனவே திரைக்கு 17, 18 வாட். அந்த நாளில் தொலைக்காட்சிப் பெட்டி போலப் பின்புறம் நீண்ட கண்ணாடிக் குழாய்த் திரைகள் இருந்தனவே, அவை மட்டுமே 70 முதல் 100 வாட் குடிக்கும். பாடத்தின் காணொளி ஓடும்போது 140 வினாடி, 80 வாட். ஒரு பெரிய கோப்புத் தொகுப்பைச் சுருக்கச் சொல்லிச் செயலிக்கு மூச்சுமுட்ட வேலை கொடுத்தோம், 100 வினாடி, 112 வாட். அதற்கு மேல் அந்தக் கணினியை ஏற்ற முடியவில்லை. 450 எங்கே, 112 எங்கே!

பெரும்பாலும் தட்டச்சும் படிப்பும்தான், இடையிடையே காணொளி. சராசரி 65 வாட் என்று கொண்டால், 6 மணி நேரம், 60 நாளுக்கு 23.4 யூனிட். அண்ணாச்சியின் 162 எங்கே போயிற்று என்று பாருங்கள். வீட்டுக் கூரையில் சுழலும் பழைய விசிறி 75 வாட். அது இரவு முழுதும் சுற்றுகிறது. அதைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை.

ஒரு குறுக்குக் கேள்வி

இதற்குள் தெருவில் மின்வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் வந்துவிட்டார். அவரிடம் கம்பியைக் கவ்வி அளக்கும் மீட்டர் இருந்தது. கணினிக்குப் போகும் ஒற்றைக் கம்பியைக் கவ்வினார். 0.43 ஆம்பியர். "230-ஆல பெருக்குங்க சார், 99 வருது. 62 எப்படி?" என்றார். நல்ல கேள்வி. பள்ளிப் புத்தகத்தில் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் வாட் என்றுதானே படித்தோம்?

நேர்மின்னோட்டத்துக்கும், பல்பு, இஸ்திரிப் பெட்டி போன்ற பொருள்களுக்கும் அது சரி. ஆனால் எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து மின்னோட்டத்தை ஒரே சீராக எடுப்பதில்லை. அதன் மின்தேக்கி ஏற்கெனவே ஏறக்குறைய 325 வோல்ட்டுக்கு நிரம்பியிருக்கிறது. அலை உச்சிக்கு வரும் சிறு கணத்தில் மட்டும் 'மடக்'கென்று குடித்துவிட்டு, மீதி நேரம் சும்மா இருக்கிறது. இப்படி விட்டுவிட்டுக் குடிப்பதால் ஆம்பியர் மீட்டர் காட்டும் அளவு, உண்மையில் பயன்படும் ஆற்றலுக்கு வேண்டியதைவிடப் பெரிதாக இருக்கும். 99 என்பது 'வோல்ட்-ஆம்பியர்'. 62 என்பது வாட். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.63, இதற்குத் திறன் காரணி என்று பெயர். வீட்டு மீட்டரின் யூனிட் வாட் கணக்கில்தான் ஓடுகிறது. ஆனால் யு.பி.எஸ்., இன்வெர்ட்டர் வாங்கும்போது வோல்ட்-ஆம்பியரைப் பார்க்க வேண்டும், '600 வி.ஏ.' என்று அதன்மேல் எழுதியிருப்பது அதுதான். இப்போது வரும் பல நல்ல பெட்டிகளில் இந்தக் குடியைச் சீராக்கும் சுற்று உள்ளேயே இருக்கிறது.

அகத்தியர் அருவிக்கு மேலே

அம்பாசமுத்திரத்திலிருந்து மேற்கே பாபநாசம் போனால், மலையடிவாரத்தில் நீர்மின் நிலையத்தைப் பார்க்கலாம். 1944-இல் இயங்கத் தொடங்கியது. மேலே காரையாற்றில் தேங்கும் தாமிரபரணி நீர்தான் அதன் உணவு. இன்று அதன் ஆற்றல் 32 மெகாவாட். பக்கத்தில் சேர்வலாற்றில் 1986-இல் வந்த 20 மெகாவாட் நிலையம் வேறு.

நம் கணினிக்கு இந்த நீரில் எவ்வளவு வேண்டும்? கணக்கு எளிதாக இருக்க, நீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாகக் கொள்வோம். ஒரு லிட்டர் நீர், அதாவது ஒரு கிலோகிராம், 100 மீட்டர் விழுந்தால் 1 × 9.8 × 100 = 980 ஜூல். நம் மீட்டரின் ஒரு சிமிட்டலுக்குக்கூட அது பற்றாது! 65 வாட் கணினி ஒரு மணி நேரம் ஓட 2,34,000 ஜூல் வேண்டும். அதற்கு 239 லிட்டர். சுமார் பதினைந்து குடம். சுழலியிலும் கம்பியிலும் ஆகும் இழப்பைச் சேர்த்தால் இன்னும் இரண்டு மூன்று குடம் கூடும். பதினைந்து குடம் தண்ணீரைத் தலையில் சுமந்து 100 மீட்டர் மலை ஏற வேண்டுமென்றால், ஒரு மணி நேரக் கணினிக்கு அது மலிவு என்று சொல்ல நமக்கு வாய் வராது.

இழப்புகளை விட்டுவிட்டுப் பார்த்தால், பாபநாசம் நிலையம் முழு ஆற்றலில் ஓடும்போது இத்தகைய கணினிகள் ஏறத்தாழ 4,92,000-ஐ ஓட்டலாம். ஒவ்வொன்றும் 450 வாட் எடுத்தால் 71,000 தான். உண்மையில் உங்கள் வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் பாபநாசம், கூடங்குளம், கயத்தாற்றுக் காற்றாலை எல்லாம் கலந்துதான் வருகின்றன. எந்தச் சிமிட்டல் எந்த இடத்துடையது என்று பிரிக்க இயலாது.

இன்னும் ஒன்று பாக்கி. கணினியை 'அணைத்துவிட்டேன்' என்று மகள் சொன்னாலும், சுவர் சுவிட்சு போட்டே இருந்தால் எஸ்.எம்.பி.எஸ். முழுதும் உறங்குவதில்லை. முகப்புப் பொத்தானை அழுத்தியதும் விழித்துக்கொள்ள, ஒரு சிறு 5 வோல்ட் கிளை எப்போதும் உயிரோடு இருக்கும். அதற்கும் திரைக்குமாக 3 வாட் என்று கொள்ளலாம். இவ்வளவு மெல்லிய ஓட்டத்தை வீட்டு மீட்டர் எண்ணத் தொடங்காமலே விட்டுவிடவும் கூடும். எண்ணினால், நாளுக்கு 18 மணி நேரம், 60 நாளுக்கு 3.2 யூனிட். புதிதாக நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்கிப் போட்டால் என்ன மிஞ்சும்? திறன் 70-இலிருந்து 80 ஆனால், 45 வாட் சுமார் 39 ஆகும். இரண்டு மாதத்திற்கு 2 யூனிட். சுவிட்சை அணைப்பதில் அதைவிட அதிகம் மிஞ்சுகிறது, காசும் செலவில்லை. பழைய பெட்டி கெட்டுப்போகும்வரை அதுவே இருக்கட்டும் என்றேன்.

வேட்டி எடுக்கப்பட்டது. அடுத்த கணக்கெடுப்பில் அந்த வீட்டுக்கு 94 யூனிட் வந்ததாக அந்தப் பெண் தொலைபேசியில் சொன்னாள். "அப்பா இப்போ செட்டாப் பெட்டியை எண்ணிக்கிட்டு இருக்காங்க மாமா. டி.வி.யை அணைச்ச பிறகும் பத்துச் சிமிட்டலுக்கு 1,125 வினாடி வருதாம்." அந்தப் பெட்டி எத்தனை வாட், நாள் முழுதும் போட்டே வைத்திருந்தால் இரண்டு மாதத்தில் எத்தனை யூனிட் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். உங்கள் மீட்டரில் 3200-க்குப் பதில் வேறு எண் இருந்தால், 1,125-ஐ முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.